கோலாலம்பூருக்குப் போன ஏழு ஈர்க்கு

முதல் தடவை வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கடவுச்சீட்டைப் பத்துத் தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார்களாம். நான் ஈர்க்குக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடவுச்சீட்டு தொலைந்தால் தூதரகம் இருக்கிறது. ஈர்க்கு தொலைந்தால் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு யார் பதில் சொல்வது?

தென்னோலையிலிருந்து உரித்தெடுத்த ஏழு ஈர்க்குகள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் பாதம். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போவது குறைவு. கல்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு பஸ்ஸில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோனால் இரண்டு இடத்தில் சத்தி எடுக்கும். ஏழு பேரையும் கொண்டுபோனால் கொண்டக்டர் எங்கள் எல்லோரையும் வழியில் பாலாவியிலேயே இறக்கிவிட்டுவிடுவார். ஆகவே பிள்ளையை நிலத்தில் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை ஈர்க்கைப் பிடித்து, ஒடித்து, ஈர்க்கை மட்டும் கடைக்குக் கொண்டுபோவோம். சப்பாத்துக்குள் ஈர்க்கு வளையாமல் படுத்தால் அளவு சரி. எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தப் பிள்ளையின் சப்பாத்து இலக்கமும் தெரியாது. கேட்டால், "ஈர்க்கு இரிக்கி தானே" என்பார்கள்.

நான் வேலை செய்வது களப்பு ஓரத்துச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை எண்ணும் ஓர் அலுவலகத்தில். கோலாலம்பூரில் ஐந்து நாள் பயிற்சிக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது, கண்டல் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அஞ்சு நாளும் மரத்தப் பத்தியா கதைப்பாங்க?" என்றார் ராத்தா. "அரை நாளாவது கடைக்குப் போக விடுவாங்க தானே?"

"விடுவாங்களாம்."

"அப்ப ஈர்க்கு வெட்டுவோம்."

ராத்தா கணித ரீச்சர். எங்கள் சகோதரர் நானாவின் பிள்ளைகள் நால்வரையும் தன் பிள்ளைகள் மூவரையும் உயர வரிசையில் முற்றத்தில் நிறுத்தினார். பதின்மூன்று வயதுப் பெரியவன் ஒன்றாம் நம்பர். பதினொரு மாதக் குட்டி ஏழாம் நம்பர். அவன் நிற்கவில்லை, நானாவின் மனைவி மதினி அவனைத் தூக்கிப் பிடித்தார், அவன் ஈர்க்கைக் கடித்தான். ராத்தா அளந்து நகத்தால் குறி வைக்க, மதினி அந்தக் குறியில் ஒடித்து, நூல் கட்டி, நம்பருக்கு ஏற்ற எண்ணிக்கையில் முடிச்சுப் போட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தோம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி, ஒரே சட்டம். சட்டத்தின் பெயர் 'ஒரே மாதிரி'. நானா கத்தாரிலிருந்து வந்த ஒருமுறை தன் மூத்த மகனுக்கு மட்டும் ஒரு பற்றரிக் கார் கொண்டுவந்திருந்தார். நான்கு நாள் அந்தக் கார் வீட்டை ஆண்டது. ஐந்தாம் நாள் அது கிணற்றுக்குள் கிடந்தது. போட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. அது அப்போது பல்கலைக்கழக லீவில் வந்திருந்த நான்தான் என்று ராத்தா சொல்வதில் உண்மை கிடையாது. என் கால் பெருவிரலில் அந்தக் கார் மூன்று தடவை ஏறியது என்பது மட்டும் உண்மை.

அதற்குப் பிறகு ராத்தா சட்டம் போட்டார். எதை வாங்கினாலும் ஏழு. ஏழும் ஒரே நிறம். பெருநாளுக்கு ஒரே சுருளிலிருந்து துணி வெட்டி வாங்கி, ஆண் பிள்ளைகளுக்குச் சேட், பெண் பிள்ளைகளுக்குச் சட்டை. எங்கள் பிள்ளைகள் வரிசையாகப் பெருநாள் தொழுகைக்குப் போனால் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் திரைச்சீலை கழன்று நடந்து போவது போலிருக்கும்.

போன பெருநாளில் அந்தத் திரைச்சீலையில் ஒரு துண்டு தவறிப்போயிற்று.

கடற்கரைக்கு வேனில் போயிருந்தோம். திரும்பும்போது நானா வேன் கதவருகே நின்று, மஞ்சள் பூப் போட்ட துணிகளை எண்ணினார். ஏழு. "எல்லாரும் சரி, எடுங்க" என்றார். வேன் புறப்பட்டு ஒன்றரை மைல் போன பிறகு பின் சீற்றிலிருந்து ஒரு பையன், கடலையை மென்றுகொண்டே, மிக மரியாதையாகச் சொன்னான்.

"மாமா, நான் உங்கட வீட்டுப் புள்ள இல்ல."

துணிக்கடைக்காரர் சுருளில் மிஞ்சிய துண்டை இன்னொரு வீட்டுக்கு விற்றிருந்தார். நாங்கள் பூவைத்தான் எண்ணினோம், முகத்தை எண்ணவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டு ஓடினால், எங்கள் நாலாம் நம்பர், ராத்தாவின் நடு மகள், எட்டு வயது, ஐஸ்கிறீம்காரரின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஐஸ்கிறீம்காரர் பயந்துபோய் இரண்டு கோன் கொடுத்திருந்தார். இரண்டும் உருகி அவளுடைய முழங்கை வரைக்கும் வழிந்திருந்தன, ஒன்றையும் அவள் நக்கவில்லை.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்திலும் சொல்வோம். நானா அந்தப் பையனின் குரலில் "உங்கட வீட்டுப் புள்ள இல்ல" என்று சொல்லும்போது ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாலாம் நம்பர் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

நான் பயணப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலையில் அவள் உள்ளே வந்து கதவுக் கொக்கியை மாட்டினாள்.

"சாச்சி, எனக்கு ஒரே மாதிரி வேணா."

"அப்ப என்ன வேணும்?"

"தெரியா."

"தெரியாட்டி நான் எப்பிடி வாங்குற?"

அவள் கொஞ்ச நேரம் என் தலைவாரும் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தூரத்துல இருந்து பாத்தாலும் நான் எண்டு தெரியிற மாதிரி ஒண்டு. வேற யாருக்கும் இருக்கப்படாது."

"உம்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்க. அதான் உங்ககிட்டச் சொல்ற."

என்ன நம்பிக்கையோ! கிணற்றுக் கார் விஷயம் அவளுக்கும் தெரியும் போல. கையை நீட்டினாள். அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கைப்பையைச் சோதித்த அதிகாரி ஈர்க்குக் கட்டை வெளியே எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் அவசரத்தில் கொஞ்சம் சுருங்கும். "பிள்ளைகளின் கால்கள்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "ஏழு பிள்ளைகள்" என்று மேலும் விளக்கினேன். என்னோடு அலுவலகத்திலிருந்து வந்த சிலாபத்துக்காரி பின்னாலிருந்து முன்னே பாய்ந்து, நல்ல சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அதிகாரி சிரித்துவிட்டு, தன் தாயும் இப்படித்தான் என்றார்.

"என்னடி சொன்ன?" என்று கேட்டேன்.

"உனக்குக் கொஞ்சம் சுகமில்ல எண்டு சொன்னேன்" என்றாள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் அது கண்டல் மரங்களைப் பற்றியது. கடைசி நாள் பின்னேரம் எங்களை அவிழ்த்து விட்டார்கள். நான் சிலாபத்துக்காரியை இழுத்துக்கொண்டு ஓடினேன். தமிழ்ப் பெயர்ப்பலகைகள் இருக்கிற ஒரு தெருவில், சப்பாத்தும் உடுப்பும் விளையாட்டுச் சாமானும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் அடைத்த ஒரு கடை. கடைக்காரர் தொப்பி போட்டவர், வயது ஐம்பது இருக்கும், தமிழ் பேசினார். எனக்கு ஊரில் இறங்கிய மாதிரி இருந்தது.

"நானா, ஏழு புள்ளைகளுக்கு எல்லாம் ஏழேழு வேணும்" என்றேன்.

"ஏழு பிள்ளையா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு இருபத்தைந்து வயது. "உங்களுக்காம்மா?"

"ஓம். எங்கடதான்."

அவர் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். மனைவி வந்து என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா, நிக்காதீங்க" என்றார். அடுத்ததாகத் தண்ணீர் வந்தது. விஷயம் எனக்கு விளங்குவதற்குள் நான் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டேன். இனித் திருத்தினால் கதிரையைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சிலாபத்துக்காரி ஒரு சட்டைக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ரீசேட் சுலபமாக முடிந்தது. ஏழு நீலம், ஏழிலும் ஒரே வாழைப்பழம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. சவுக்காரக் குமிழி விடும் துப்பாக்கியில்தான் சிக்கல். ஆறு பச்சை இருந்தது, ஏழாவது ரோஸ்.

"பொம்பளப் பிள்ளைக்கு ரோஸ் குடுங்கம்மா, அழகா இருக்கும்லா."

"ஏலா நானா. ரோஸ் போனா எங்கட ஊருல சண்ட வரும்."

"ஒரு துப்பாக்கிக்கா?"

"எங்கட கிணறு ஆழம், நானா."

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் ஒரு ஏழு பிள்ளைத் தாயின் முகத்தைப் பார்த்து, பக்கத்துக் கடைக்குப் போய் ஏழாவது பச்சையை வாங்கி வந்து தந்தார். நல்ல மனிதர். நான் வெட்கப்பட வேண்டியவள்.

பிறகு சப்பாத்து. நடந்தால் அடியில் லைட் எரியும் வெள்ளைச் சப்பாத்து. நான் கைப்பையிலிருந்து ஈர்க்குக் கட்டை எடுத்தபோது கடைக்காரர் ஒரு கணம் பின்வாங்கினார். விளக்கிச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். ஒன்றாம் ஈர்க்கைச் சப்பாத்துக்குள் விட்டார், அது அச்சாகப் படுத்தது.

"கச்சிதமா இருக்கு" என்றார்.

"கச்சிதம் வேணா நானா, வளருற புள்ள. ஒரு விரல் பெரிசாத் தாங்க."

"ஆமாம்மா, பிள்ளைங்க வளரும்லா" என்று அவரும் ஆமோதித்து, அதற்கும் ஒரு படி பெரியதாக எடுத்து வைத்தார். அவருக்கு என் மேல் அனுதாபம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனோம். அடுத்த ஈர்க்கை எடுத்தேன். ஐந்து முடிச்சு.

நாலு முடிச்சு ஈர்க்கு இல்லை. பையைக் கவிழ்த்தேன். உதறினேன். இல்லை.

சிலாபத்துக்காரி திடீரென்று மிகவும் அமைதியாகிவிட்டாள். அவள் அமைதியாவது இயற்கைக்கு மாறான விஷயம்.

"என்னடி?"

"அனே, கோவிக்காத. முந்தாநாள் சாட்டே சாப்பிட்டோமே, இறைச்சி பல்லுக்குள்ள மாட்டிட்டுது. உன்ட பையில பாத்தேன், பல்லுக்குத்தி கொண்டு வந்திருக்கிறாய் எண்டு நினைச்சேன்."

"ஒரு சாண் நீளத்துல பல்லுக்குத்தியா?"

"ஒடிச்சுத்தான் குத்தினேன்."

"நூல் கட்டின பல்லுக்குத்தியா?"

"முஸ்லிம் ஆக்கள் அப்பிடிக் கட்டுவீங்களோ எண்டு நினைச்சேன், மச்சான்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையின் பாதம் கோலாலம்பூரின் ஏதோ ஒரு குப்பைத்தொட்டியில் துண்டு துண்டாகக் கிடந்தது. கடைக்காரரின் மனைவி இன்னொரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார்.

வாட்ஸ்அப்பில் ராத்தாவைக் கூப்பிட்டேன். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்திருந்த நேரம். விஷயத்தைச் சொன்னதும் ராத்தா சிலாபத்துக்காரியின் பல்லைப் பற்றி ஒரு துஆக் கேட்டார். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. நாலாம் நம்பரை இழுத்து நிற்கவைத்து, புதிதாக ஒரு ஈர்க்கு ஒடித்து, கமராவுக்கு முன்னால் பிடித்தார்.

"தெரியுதா?"

"தெரியுது ராத்தா."

"அப்ப சப்பாத்த வெச்சுப் பாரு."

நான் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவள். இருந்தும் சப்பாத்தைத் தூக்கித் தொலைபேசித் திரையின் மேல் வைத்துப் பார்த்தேன். ஈர்க்கு என் பெருவிரல் அளவுக்குத் தெரிந்தது.

"ராத்தா, சின்னனாத் தெரியுது."

"அப்ப நான் கிட்டப் பிடிக்கிறன். இப்ப?"

"இப்ப சப்பாத்தவிடப் பெரிசா இரிக்கி."

"நடுவுல பிடிக்கிறன். சரி வந்தாச் சொல்லு."

இப்படி ஒரு கணித ரீச்சரும் ஒரு விஞ்ஞானப் பட்டதாரியும் இரண்டு நாட்டுக்கு நடுவில் ஈர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்டுல அடிக்கோல் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தப் பக்கம் ராத்தாவுக்கு அது கேட்டுவிட்டது. "பொறு, அடிமட்டம் எடுத்துட்டு வாறன்" என்று எழுந்து போனார்.

திரையில் நாலாம் நம்பரின் முகம் மட்டும் நின்றது. அது மிக அருகே வந்தது. ஒரு கண்ணும் அரை மூக்கும்.

"சாச்சி. வாங்காதீங்க."

"உம்மா என்ன கொன்றுவாங்கடி."

"கையடிச்சுச் சத்தியம் பண்ணினீங்க."

உள்ளே ராத்தாவின் குரல் கேட்டது. அடிமட்டம் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தொடர்பு தானாகத் துண்டித்துப் போனது. அதாவது, என் விரல் தானாகப் போய்த் துண்டித்தது. திரும்ப ராத்தா கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. "சிக்னல் இல்லை" என்று செய்தி அனுப்பினேன். சிக்னல் இல்லாமல் செய்தி எப்படி வந்தது என்று அவர் கேட்டு எழுதியதற்கு இன்றுவரை பதில் போடவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் பின்னேரம் என்றால் மழைதானாம். கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாமான் காற்றில் திரும்பி என்னைப் பார்த்தது. உண்மையாகவே பார்த்தது. அதற்கு இரண்டு கண் இருந்தது. தவளைப் பச்சையில் ஒரு மழைக்கோட்டு. தலைமூடிக்கு மேல் தேசிக்காய் அளவில் இரண்டு முட்டைக் கண். முன்பக்கத்துப் பொக்கற்றைத் திறந்தால் உள்ளிருந்து சிவப்பு நாக்கு ஒன்று நீளமாகத் தொங்கும். அரை மைலுக்கு அப்பால் நின்றாலும், கண் தெரியாதவருக்கும் தெரியும்.

அதைக் கொக்கியிலிருந்து இறக்கினேன். ஆனால் ஒரு பயம்.

"நானா, இதுல வேற இரிக்கா?"

"இல்லம்மா. கடைசி ஒண்ணுதான். கம்பெனி செய்றதில்லையாம் இப்ப."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

சாமான் இல்லை என்றதற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்த முதல் வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன். ஏழு இருந்திருந்தால் சட்டப்படி ஏழு வாங்கவேண்டும். ஏழு தவளை வாங்கினால் நாலாம் நம்பர் மறுபடியும் திரைச்சீலைதான்.

"மழைக்கோட்டா? கல்பிட்டிக்கா?" என்றாள் சிலாபத்துக்காரி. "அடியே, உங்கட பக்கத்துல வெயிலுல உப்பு விளையுது!"

"நீ பேசாத. பல்லைப் பாத்துக்கொள்."

இவ்வளவு வீரமாக வாங்கியவள் அதோடு திரும்பியிருக்கலாம். கடை வாசல் படியில் கால் வைத்ததும் ராத்தாவின் முகம் மழைக்குள் தோன்றியது. ஒரு பிள்ளைக்கு மட்டும் சப்பாத்து இல்லாமல் போனால்? திரும்பி உள்ளே போனேன். பெருநாளுக்கு மருதோண்டி வைக்கும்போது அவளுடைய கால் என் கையில் இருந்ததை நினைத்து, குதிகால் இங்கே, விரல் இங்கே என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். கடைக்காரர் கையையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்து ஒரு சோடியை எடுத்தார். அதற்குப் பெரியது கேட்டேன், முடிந்துவிட்டதாம். சரி என்று வாங்கி, என் துவாய்க்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் ஒளித்தேன். தேவைப்பட்டால் எடுப்பது, தேவைப்படாவிட்டால் எனக்கே தெரியாதது போல இருப்பது என்பது திட்டம்.

வீட்டில் பெட்டி திறந்த அன்று மாரியம்மன் கோயில் தேருக்குக்கூட அவ்வளவு ஆள் நெருக்கியிருக்காது. ரீசேட்டுக்குச் சத்தம், துப்பாக்கிக்கு இன்னும் சத்தம். ஐந்து நிமிடத்தில் குசினி முழுக்கக் குமிழி. சப்பாத்துப் பெட்டிகளைக் கொடுத்தேன். ஒன்றாம் நம்பர் போட்டுக்கொண்டு பெருமையாக நாலு அடி நடந்தான். அவன் போய்விட்டான், சப்பாத்து நின்ற இடத்திலேயே நின்று லைட் அடித்தது. இரண்டாம் நம்பருக்கும் அப்படித்தான். குட்டியின் கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது, அவன் அதற்குள் நின்று கை தட்டினான்.

"இது என்ன தோணியா?" என்றார் ராத்தா. "ஈர்க்குக் குடுத்தனே! நான் ஒரு விரல் கூட்டித்தானே குறி வெச்சேன்."

மதினி குமிழிக்குள் நின்று திரும்பினார். "நீங்க கூட்டியா வெச்சீங்க? நான் சரியான அளவு எண்டு நினைச்சு, குறிக்கு அங்கால ஒரு விரல் கூட்டி ஒடிச்சேனே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் ஒரு விரல் பெரிசாக் கேட்டேன்" என்றேன். "கடைக்காரரும் பாவம் பாத்து ஒரு படி கூட்டினார்."

நாலு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல், பிள்ளை வளரும் என்று நாலு விரல் வளர்த்திருந்தோம். அந்தச் சப்பாத்துக்குப் பிள்ளைகள் பொருந்துவதற்குள் ஒன்றாம் நம்பர் கல்யாணம் முடித்துவிடுவான். "பரவாயில்ல, பஞ்சு வெப்போம்" என்று ராத்தா தீர்ப்புச் சொன்னார். பிறகுதான் அவர் கண் தலைகளை எண்ணியது. "இவட சப்பாத்து எங்க?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒடிந்த ஈர்க்கின் கதையைச் சோகமாகச் சொல்லி, அளவு தேவைப்படாத சாமான் இது ஒன்றுதான் கிடைத்தது என்று தவளையை வெளியே எடுத்தேன்.

குமிழிகள் மட்டும் உடைந்தன. இப்போது ஆறு பிள்ளைகளும் பாய்வார்கள், எனக்கும் வேண்டும் என்பார்கள், கிணறு திறக்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்தாம் நம்பர்தான் முதலில் பேசினான்.

"பாவம்" என்றான்.

அவர்கள் எல்லோரும் அவளை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்! லைட் எரிகிற சப்பாத்து கிடைக்காமல், வெயில் ஊரில் மழைக்கோட்டுக் கிடைத்த பிள்ளை. ஐந்தாம் நம்பர் தன் சப்பாத்தில் ஒன்றைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "இந்தாங்க ராத்தா, ஆளுக்கு ஒண்டு போடுவோம்."

நாலாம் நம்பர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுடைய கன்னம் இரண்டும் உள்ளே சிரிப்பை அடைத்து வைத்து உப்பியிருந்தன. கோட்டை மாட்டிக்கொண்டு தலைமூடியையும் போட்டாள். தலையைக் குனிந்து, ரீவி நாடகத்தில் வரும் மருமகள் போல, "வேணா. எனக்கு இதுவே போதும்" என்றாள். ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ட மகள்! சண்டை போடாமப் பொறுத்துக்கிறாவே. நில்லுங்க, சாச்சிட பெட்டியில வேற என்னவாவது இரிக்கும்" என்று பெட்டிக்குள் கையை விட்டார்.

"ராத்தா, அது என்ட அழுக்குத் துவாய்!"

துவாய் வெளியே வந்தது. அதிலிருந்து வெள்ளைச் சப்பாத்து விழுந்து, விழுந்த அதிர்ச்சியில் லைட் அடித்தது.

"இது யாருக்கு?"

எனக்குப் பொய் வேகமாக வரும், ஆனால் அன்றைக்கு வரவில்லை. "கண்ணளவுல ஒரு சோடி... சரிவராது எண்டு நினைச்சுத்தான்..."

"போட்டுப் பாத்தாத்தானே தெரியும். மகள், இங்க வாங்க. அந்தப் பச்சைய கழட்டுங்க. சப்பாத்துச் சரி எண்டா அந்தக் கோட்ட யாராவது சின்னப் புள்ள இருக்கிற வீட்டுக்குக் குடுப்போம். ஒரு ஆளுக்கு மட்டும் எதுக்கு?"

சட்டம் திரும்பி வந்துவிட்டது. நாலாம் நம்பர் கோட்டைக் கழற்றவில்லை. கதிரையில் உட்கார்ந்து காலை மட்டும் நீட்டினாள். ராத்தா ஒன்றாம் நம்பரை அனுப்பிப் பஞ்சு எடுக்கச் சொன்னார். நான் முழங்காலில் நின்று சப்பாத்தை மாட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. குதிகால் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. ஏழு சோடியிலும், ஈர்க்கு இல்லாமல் வாங்கிய இந்த ஒன்றுதான் அளவாக இருந்தது. பாழாய்ப்போன என் உள்ளங்கை!

"எப்பிடி?" என்றார் ராத்தா.

"கடிக்குது" என்றாள் அவள். முகத்தைச் சுளித்தாள். "விரல் இடிக்குது உம்மா."

"நீ அமத்திப் பாரு" என்று ராத்தா என்னிடம் சொன்னார்.

பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தை அமர்த்தினேன். வெறுமை. தாராளமாக, சரியான ஒரு விரல் இடம். இன்னும் கொஞ்சம் பின்னால் அமர்த்தினேன். அங்கே ஐந்து விரலும் நண்டு மாதிரி உள்ளே சுருண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டிருந்தன. தவளைக் கண்களுக்குக் கீழே அவளுடைய கண்கள் என்னையே பார்த்தன. நெற்றியில் வேர்வை.

ராத்தா எனக்குப் பின்னால் நின்றார். முப்பத்தைந்து பேர் வகுப்பில் யார் கொப்பியடிக்கிறார்கள் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிக்கிறவர்.

"ஓம் ராத்தா" என்றேன். "சரியான சின்னன். விரல் முட்டுது."

அவர் மூன்று வினாடி என்னைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் பார்த்தார். தவளையைப் பார்த்தார். "கண்ணளவுல வாங்கினா இப்பிடித்தான்" என்று பெருமூச்சு விட்டு, சப்பாத்தைக் கழற்றி ஐந்தாம் நம்பரிடம் கொடுத்தார். "அடுத்த வருஷம் போடுங்க, வளருற புள்ள தானே."

நாலாம் நம்பர் நொண்டிக்கொண்டே முற்றத்துக்கு இறங்கினாள். நான் பின்னால் போனேன்.

"கால் நோகுதாடி?"

"விரல் இன்னும் நிமிரல்ல சாச்சி."

பகல் பன்னிரண்டு மணி வெயில். மணல் கொதித்தது. அவள் தலைமூடியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, நாக்கைப் பொக்கற்றிலிருந்து வெளியே தொங்கவிட்டு, வேலிக்கும் பாதைக்கும் நடுவில் நடந்தாள். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. மீன்காரர் மோட்டார் சைக்கிளில் கடந்து போனவர் பிரேக் பிடித்தார். கொஞ்சம் பின்னுக்கு உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது யாருட புள்ள?"

அவள் தலைமூடியைத் தள்ளவில்லை. நிமிர்ந்து நின்று, தன் பெயரை, வாப்பாவின் பெயரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தின் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் விடாமல், பாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மீன்காரர் சரி என்று தலையாட்டி, சூடை மீன் வேணுமா என்று கேட்டார்.